டெஸ்டருக்குள் ஒரு லாஸ் வேகாஸ்

லாஸ் வேகாஸ் நகரத்தின் வடக்குப் பக்கம், இன்றைய பெரிய கேசினோக்களிலிருந்து தள்ளி, நியான் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முக்கியமான பகுதிக்குக் கூரையே கிடையாது. திறந்த முற்றத்தில் பழைய சூதாட்ட விடுதிகளின் பெயர்ப்பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற விடுதியின் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். துருவேறிய தகரம், வெயிலில் வெளிறிய பெயின்ட், பல்பு இல்லாத ஹோல்டர்கள், உடைந்து தொங்கும் கண்ணாடிக் குழாய்கள். இந்த முற்றத்துக்கு ‘போன்யார்டு’ என்று பெயர். எலும்புகளைப் போட்டுவைக்கும் இடம் என்று பொருள்.

இவ்வளவு பலகைகள் எப்படித் தப்பின என்று முதலில் தோன்றும். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பாலைவனச் சாலையில் வேகமாகப் போகும் காரை நிறுத்த வேண்டுமானால் பலகை வெகுதூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஆகவே விடுதிகள் போட்டி போட்டுக்கொண்டு பலகைகளை உயர்த்தின. ஸ்டார்டஸ்ட் 1968-ல் சாலையோரம் நிறுத்தியது 188 அடி உயரம். இத்தகைய பலகைகள் பலவற்றை விடுதிகள் விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தன. யெஸ்கோ போன்ற நிறுவனங்கள் பலகையைச் செய்து, நிறுத்தி, பராமரித்தன. விடுதி மூடினாலோ புதுப் பலகை வேண்டுமென்றாலோ பழையது நிறுவனத்தின் முற்றத்துக்குத் திரும்பிவிடும். அங்கே சேர்ந்தவைதான் பிற்பாடு அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் ஆயின. மழை குறைந்த ஊர் என்பதால் தகரம் முழுக்க மக்கிப்போகவில்லை. வெயில் மட்டும் நிறத்தைத் தின்றிருக்கிறது.

சூதாட்டத்தில் எனக்கு விருப்பம் கிடையாது. ஆனால் இந்தப் பலகைகளைப் பற்றி ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. இருபது முப்பது வருஷம் எரியாமல் கிடந்த நியான் குழாய் உடையாமல் இருந்தால், மின்சாரம் கொடுத்ததும் எப்படி எரிகிறது? வீட்டுக் குண்டு பல்பு ஆயிரம் மணி நேரத்தில் போய்விடுகிறதே?

பதில் நம் வீட்டு மேஜை டிராயரிலேயே இருக்கிறது. டெஸ்டரை எடுத்துப் பாருங்கள். பிளக்கில் வைத்துத் தலையைத் தொட்டால் உள்ளே ஒரு சின்ன பல்பு ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். அதற்குள் இழை கிடையாது. ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள், நடுவில் நியான் வாயு, அவ்வளவுதான். லாஸ் வேகாஸ் சாலையில் எரிந்த செவ்வொளியும் இதே ஒளிதான்.

நியான் நம்மைச் சுற்றியே இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் அதில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் நியான் அரை லிட்டர். இந்தச் சிறு பங்கை வேதியியலாளர்கள் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் 1898-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, மெல்லக் கொதிக்கவிட்டு, ஒவ்வொரு வாயுவாகப் பிரித்தார்கள். பிரித்ததைக் குழாயில் அடைத்து மின்சாரம் செலுத்தியபோது பளீரென்று சிவந்தது. ‘புதியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார்கள். பிறகு பிரான்ஸில் ஜார்ஜ் குளோத் ஆக்சிஜனுக்காகக் காற்றைத் திரவமாக்கும் தொழில் நடத்தினார். அதில் நியான் உபரியாக மிஞ்சியது. அதை நீண்ட குழாய்களில் அடைத்து 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரியவிட்டார்.

சரி, குழாய்க்குள் என்ன நடக்கிறது?

குழாயில் வாயு நெருக்கமாக இருக்கக் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்குதான் அடைப்பார்கள். ஓடுகிற எலெக்ட்ரானுக்கு இடம் வேண்டும் என்பதுதான் காரணம். இரு முனைகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், எப்போதும் உள்ளே திரியும் ஓரிரு எலெக்ட்ரான்கள் வேகம் பிடிக்கும். கூட்டமான சந்தையில் ஓட முடியாது, இரண்டடிக்கு ஒருவர் மீது இடிப்போம். காலி மைதானத்தில் ஓடினால் இடிக்கும்போது இடி பலமாக இருக்கும். அதேபோல அழுத்தம் குறைந்த குழாயில் எலெக்ட்ரான் நல்ல ஆற்றலோடு நியான் அணுவில் மோதுகிறது.

அந்த மோதலில் இரண்டு காரியங்கள் நடக்கலாம். சுமார் 17 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் கிடைத்தால் அணுவிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று மேல்படிக்குத் தாவும். அங்கே அதனால் நிற்க முடியாது. படிப்படியாக இறங்கும்போது, படிக்குப் படி உள்ள வித்தியாசத்தை ஒளியாக விட்டுவிடும். நியானின் படிகள் அமைந்திருக்கும் விதத்தில், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி சிவப்பிலும் ஆரஞ்சிலும் வந்து விழுகிறது. நிறத்தை யாரும் பூசவில்லை, அது அணுவின் அமைப்பிலேயே இருக்கிறது. மோதல் இன்னும் பலமானால், 21.6 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால், எலெக்ட்ரான் அணுவைவிட்டே பிய்த்துக்கொண்டு போகும். மின்சாரத்தைச் சுமக்க இன்னொரு ஆள் கிடைத்தாயிற்று. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கட்டுப்படுத்தாவிட்டால் மின்னோட்டம் எகிறிவிடும். டெஸ்டரில் அதைத் தடுப்பது ஒரு பெரிய மின்தடை. நம் விரல் வழியாக மின்சாரம் போயும் ஷாக் அடிக்காததற்கு அதுதான் காரணம். பலகைகளில் இந்த வேலையை டிரான்ஸ்பார்மரே செய்கிறது. 15,000 வோல்ட் வரை தரக்கூடிய அது, ஆம்பியரில் நூறில் சில பங்குக்கு மேல் மின்னோட்டத்தை விடாதபடி வடிவமைக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் முன்பு கேட்ட கேள்விக்கு விடை. குண்டு பல்பில் இழை வெந்து ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் அறுந்துபோகிறது. நியான் அணு ஒளியை விட்டபின் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. யாரோடும் சேராத மந்த வாயு அது. எரிகிறது என்று நாம் சொன்னாலும் உண்மையில் எதுவும் எரிவதில்லை. குழாய் சாவது கண்ணாடி விரிசல் விடும்போது, அல்லது வருஷக்கணக்கில் முனைகளின் உலோகம் சிதறி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவைக்கும்போது. பல சமயம் போவது குழாயே இல்லை, டிரான்ஸ்பார்மரும் வயரும்தான்.

குழாய் செய்வது இன்றும் கைவேலைதான். அச்சில் வார்த்து எடுக்க வழியில்லை. எழுத்தின் வடிவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றித் தாளில் வரைந்துகொள்வார்கள். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இளகியதும் சில நொடிகளுக்குள் வளைக்க வேண்டும். வளைவில் குழாய் நசுங்கிவிடாமல் இருக்க, ஒரு முனையில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்து மெதுவாக ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் துண்டுகளில் கறுப்பு பெயின்ட் அடித்து மறைப்பார்கள். அப்புறம் காற்றை உறிஞ்சியபடியே பலத்த மின்சாரம் செலுத்திக் குழாயைக் கொதிக்கக் காய்ச்சுவார்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஈரமும் வேறு வாயுக்களும் வெளியேறும். அதன்பிறகே நியான். இந்தச் சுத்தத்தில் குறை வைத்தால் ஒளி மங்கும், நிறம் மாறும். முன்பு சொன்ன அறையின் அரை லிட்டர் நியான், 12 மில்லிமீட்டர் உட்குறுக்களவுள்ள குழாயில் சுமார் 300 மீட்டருக்குப் போதும். அவ்வளவு குறைவான வாயுவை வைத்து ஒரு தெருவையே சிவக்கவைக்கலாம்.

நீலத்துக்கு வேறு வழி: ஆர்கானும் ஒரு துளி பாதரசமும். பாதரச ஆவி நீல ஒளியோடு புற ஊதாக் கதிரையும் வெளிவிடும். குழாயின் உட்சுவரில் பூசிய ஒளிரும் ரசாயனப் பொடி அந்தக் கதிரை வாங்கிப் பச்சை, வெள்ளை, மஞ்சள் என்று மாற்றித் தரும். எல்லாவற்றையும் நியான் என்றே ஊர் அழைக்கிறது.

பலகைகளின் ஓட்டமும் ஆட்டமும் பல சமயம் குண்டு பல்புகளின் வேலை. பல்பு வரிசையில் மூன்றுக்கு ஒன்றாக எடுத்து மூன்று கூட்டமாகப் பிரித்து, முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம் என மாற்றி மாற்றி எரியவிட்டால், நம் மூளை ஒரே ஒளி ஓடுவதாக எடுத்துக்கொள்ளும். இதை 1912-ல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் சோதனைகளால் விளக்கினார். நகராத பல்பு நகர்வதாகத் தெரிவது கண்ணின் குற்றமில்லை, இடைவெளியை நிரப்பிப் பார்க்கும் மூளையின் பழக்கம். அருங்காட்சியகம் 2018-ல் தொடங்கிய இரவுக் காட்சியும் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. எரியாத பலகைகள்மேல் புரொஜெக்டர்கள் ஒளியைப் பாய்ச்ச, அவை உயிர்பெற்று எரிவதுபோலவே தெரிகின்றன.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது மூலான் ரூஜ் என்ற கேசினோவின் பலகை. அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் பெரிய விடுதிகளின் மேடையில் பாடலாம், ஆனால் அங்கே அறை எடுத்துத் தங்க முடியாது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அமரலாம் என்று அந்த ஊரில் 1955 மே மாதம் முதன்முதலில் திறந்தது மூலான் ரூஜ்தான். ஆறே மாதத்தில் மூடிவிட்டார்கள். பலகையின் சுழித்த எழுத்துகளை வரைந்தவர் பெட்டி வில்லிஸ். ஊரின் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையை 1959-ல் வடிவமைத்தவரும் அவரே. மூலான் ரூஜ் எழுத்துகள் இப்போது போன்யார்டில் நிற்கின்றன. 2020-ல் அவற்றுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள்.