விளைவளவு: 'எவ்வளவு?' என்று கேட்கும் சொல்

'புதிய மருந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று செய்தித்தாளில் படிப்பவர், நோயாளிகள் நன்றாகத் தேறிவிட்டார்கள் என்றுதான் புரிந்துகொள்வார். தமிழில் அந்தத் தொடருக்கு அதுதான் பொருள். மூல ஆய்வுக் கட்டுரையில் இருப்பதோ 'சிக்னிஃபிகன்ட்' என்ற புள்ளியியல் கலைச்சொல். மருந்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வேறுபாடோ இதைவிடக் கூடுதலோ தற்செயலாக அமைவது அரிது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. முன்னேற்றம் கடுகளவா மலையளவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தால் கடுகளவு வேறுபாடுகூட அந்தப் பட்டத்தைப் பெற்றுவிடும்.

கடுகா மலையா என்பதைச் சொல்ல ஆய்வாளர்களிடம் வேறொரு சொல் இருக்கிறது: எஃபெக்ட் சைஸ். தமிழில் அதை விளைவளவு என்று எழுதலாம். 'சிக்னிஃபிகன்ட்' என்பது 'உண்டா?' என்ற கேள்விக்கு விடை, விளைவளவு 'எவ்வளவு?' என்ற கேள்விக்கு.

ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளும் பழையவை. 'எஃபெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. செய்து முடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். 'சைஸ்' பிறந்த கதை இன்னும் சுவையானது. பழைய பிரெஞ்சில் 'அசீஸ்' என்றால் அமர்வு, மன்றம் கூடி விதி வகுத்தல். இடைக்கால இங்கிலாந்தில் ரொட்டியின் எடையையும் மதுவின் விலையையும் வரையறுத்த ஆணைக்கும் அதே பெயர்தான். விதிக்கப்பட்ட அளவு என்ற பொருளிலிருந்து, நாளடைவில் வெறும் 'அளவு' என்ற பொருள் வந்து சேர்ந்தது.

இரண்டும் சேர்ந்த கலைச்சொல்லை ஆய்வுலகில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேக்கப் கோஹன். 1969-இல் வெளிவந்த அவருடைய புள்ளியியல் நூல்தான் இன்றும் பலர் எடுத்தாளும் அளவுகோல்களுக்கு ஊற்று. 1976-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜீன் கிளாஸ் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டும் முறைக்கு 'மெட்டா அனாலிசிஸ்' என்று பெயர் சூட்டியபோது, வெவ்வேறு ஆய்வுகளை ஒரே தட்டில் வைத்து நிறுக்க இந்த அளவே எடைக்கல்லானது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'விளை' என்பது வயலின் சொல். விளைச்சல், விளைநிலம் எல்லாம் அதன் கிளைகள். நாடு எது என்று சொல்ல வந்த வள்ளுவர் 'தள்ளா விளையுளும்' என்றுதான் தொடங்குகிறார் (குறள் 731). அறுவடை முடிந்த வீட்டில் 'விளைந்ததா?' என்று மட்டும் யாரும் கேட்டு நிறுத்துவதில்லை. 'ஏக்கருக்கு எத்தனை மூட்டை?' என்பதுதான் கேள்வி. அந்த 'ஏக்கருக்கு' என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் அரை ஏக்கர்க்காரரையும் பத்து ஏக்கர்க்காரரையும் ஒப்பிட வழியில்லை. விளைவளவு செய்யும் வேலை ஏறத்தாழ இதுவே என்பதால்தான் இந்தச் சொல்லை நான் விரும்புகிறேன்.

'தாக்க அளவு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தாக்கு என்பதில் அடியும் வேகமும் இருக்கின்றன. மிகச் சிறிய விளைவுக்கும் 'தாக்கம்' என்று பெயரிட்டால், பழைய மிகைப்பாடு வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிடும். புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. விளைவு + அளவு = விளைவளவு; முற்றியலுகரமும் சில இடங்களில் இப்படிக் கெடும் என்று நன்னூல் இடம் தருகிறது. ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'விளைவு' என்றதும் காரணம் ஒன்று இருப்பதாகத் தோன்றும். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் ஒரு வகை விளைவளவுதான், ஆனால் அது காரணத்தை நிறுவுவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் சொல் மனத்தில் நிற்கும். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 62, இன்னொன்றின் சராசரி 58 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 4. மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்பதைத் திட்டவிலக்கம் காட்டும். இலங்கைப் பாடநூல்கள் இதை நியம விலகல் என்கின்றன. அது 10 என்றால், 4-ஐ 10-ஆல் வகுக்க விளைவளவு 0.4. எல்லோரும் நெருக்கமாக மதிப்பெண் எடுத்துத் திட்டவிலக்கம் 5 ஆகிவிட்டால் அதே 4 மதிப்பெண் 0.8 ஆகிறது, 20 ஆனால் 0.2. வேறுபாடு மாறவில்லை, அதன் கனம் மாறிவிட்டது.

0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என்று கோஹன் வகுத்தார். உயரத்தை வைத்து அவர் தந்த உவமை அழகானது: 15, 16 வயதுச் சிறுமியரின் சராசரி உயர வேறுபாடு சிறிய விளைவு, 14, 18 வயதினருடையது நடுத்தரம், 13, 18 வயதினருடையது பெரிது. வேறு அளவுகோல் இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்று அவரே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு மூன்று எண்களை மட்டும் பலர் மனப்பாடம் செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏன் என்று ஆஸ்பிரின் சொல்லும். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களே பங்கேற்ற ஆய்வு அது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பிரின் உட்கொண்ட 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு வந்தது. மருந்தில்லா மாத்திரை உட்கொண்ட 11,034 பேரில் 189 பேருக்கு வந்தது. ஒட்டுறவாகக் கணக்கிட்டால் 0.034. கோஹன் அட்டவணையில் ஒட்டுறவுக்குச் 'சிறிது' என்பதே 0.1-இல்தான் தொடங்குகிறது, இது அதற்கும் கீழே. ஆனால் மாரடைப்புக் குறைவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், 1987 இறுதியில் ஆஸ்பிரின் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். எண் சிறியது, காக்கப்படுவது உயிர். (இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால், மாரடைப்பு வராதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் எடுக்கக் கூடாது.)

இதே முடிவை 'மாரடைப்பு 45 விழுக்காடு குறைந்தது' என்றும் எழுதலாம், 'நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரே பயன்பெற்றார்' என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவர் ஏமாறுவார். செய்தி என் கையில் இருந்தால் இப்படி எழுதுவேன்: 'ஏறத்தாழ 5 ஆண்டுகளில், வெற்று மாத்திரை எடுத்த ஆயிரம் பேரில் 17 பேருக்கு மாரடைப்பு வந்தது; ஆஸ்பிரின் எடுத்த ஆயிரம் பேரில் 9 பேருக்கு வந்தது.'