ஊசியை மறந்த பிறகும் கை பின்வாங்கும்

ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் எதுவார் கிளாபரேட் 1911-இல் ஒரு விநோதமான சம்பவத்தை எழுதிவைத்தார். அவரிடம் இருந்த ஒரு நோயாளிக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்காது. தினமும் பார்க்கும் மருத்துவர்கூட அந்த அம்மாவுக்குப் புது ஆள்தான். ஒருநாள் கிளாபரேட் விரலிடுக்கில் குண்டூசியை ஒளித்துக்கொண்டு கைகுலுக்கினார். (இன்றைக்கு இப்படிச் செய்தால் வேலை போய்விடும்.) சுருக்கென்று குத்திய வலியையும் அந்த அம்மா சீக்கிரமே மறந்துவிட்டார். அப்புறம் மறுபடி கிளாபரேட் கை நீட்டியபோது, அந்த அம்மா வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டார். துருவிக் கேட்டதும், சிலர் கையில் ஊசி ஒளித்து வைப்பதுண்டே என்றாராம். அது தனக்கே நடந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

வன்னிப் போரைக் கடந்து வந்த ஒருவர் தீபாவளி வெடிச்சத்தத்தில் குப்புற விழுந்து படுப்பதும் இந்த வகைதான். வெடிப்பது பிஜிலி வெடி என்று அவருக்குத் தெரியும். தெரிவதற்கு முன்பே உடம்பு படுத்துவிடுகிறது.

அந்த 'முன்பே' எப்படி நடக்கிறது என்பதை எலிகளில் துப்புத் துலக்கியவர் நியூயார்க்கின் மூளை ஆய்வாளர் ஜோசப் லெடூ. காதில் விழும் ஒலி மூளையின் நடுவில் உள்ள தலாமஸுக்குப் போய், அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக அமிக்டலாவுக்குப் போகிறது. பாதாம் பருப்பளவே உள்ள, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி அது. எலியில் இந்தக் குறுக்குவழிக்கு ஆகும் நேரம் சுமார் 12 மில்லி விநாடி. 'இது என்ன சத்தம்' என்று நிதானமாக அலசும் பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றிவர ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். அலசல் முடிவதற்குள் அமிக்டலா சைரன் ஊதி, நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். வாசனையோ தலாமஸில் நிற்காமலே அமிக்டலாவைத் தொட்டுவிடும். டெட்டால் வாசனையில் சிலருக்கு வயிற்றைப் பிசைவது வெறும் கற்பனை அல்ல.

எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுக்குத் தேதி குத்துவது பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸின் வேலை. கடும் பீதியின் நடுவே அந்த முத்திரை சரியாக விழுவதில்லை என்பது பரவலான விளக்கம். தேதியில்லாத நினைவு எப்போது எழுந்தாலும் 'இப்போது நடக்கிறது' என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது.

சரி, இதை அழிக்க முடியுமா? பாவ்லோவின் நாய்களே பதில் சொல்லிவிட்டன. ஒலி கேட்டும் சோறு வராமல் போனால் நாய்க்கு எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்சம் இடைவெளி விட்டு அதே ஒலியை எழுப்பினால் மறுபடி ஊறும். பயமும் அப்படித்தான். பழைய பாடம் அழியாது. 'இப்போது ஆபத்தில்லை' என்ற இரண்டாவது பாடத்தை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி கற்றுக்கொண்டு, அமிக்டலாவுக்குப் பிரேக் போடுகிறது. இதில் ஒரு வம்பு உண்டு. ஒரு பெட்டிக்குள் பயம் தெளிந்த எலியை வேறு பெட்டிக்கு மாற்றினால் பயம் திரும்பிவிடுவதை உளவியலாளர் மார்க் பௌட்டன் காட்டினார். பழைய பாடம் போகுமிடமெல்லாம் கூடவே வருகிறது. புதியது கற்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நாலு மாதம் நன்றாக இருந்தவருக்குப் புது ஊரில் திடீரென்று கை நடுங்கினால், சிகிச்சை வீணாகிவிட்டது என்று பொருளில்லை. அந்த ஊரில் அவர் இன்னும் இரண்டாவது பாடத்தைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நாடாததால்தான், அடுப்பு அணைந்து வெகுகாலமாகிவிட்டது என்பதும் அதற்குத் தெரியாமலே போகிறது.

மனக்காயத்தை ஈழத்தில் 'மனவடு' என்பார்கள். காயத்தைவிட இந்தச் சொல் பொருத்தம். ஆறிய பிறகும் இருப்பதுதானே வடு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் சேர்த்துப் பார்த்த 31 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஆறு அமர்வுகள் உதவினார்கள். ஒரு குழுவுக்குத் தியானமும் உடல் தளர்வும். மற்றதற்கு நடந்ததை வரிசையாகச் சொல்லும் சிகிச்சை. இரண்டிலும் பெரும்பாலோர் தேறினார்கள், அதனால் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஆனால் அந்த இரண்டாவது சிகிச்சை நடக்கும் விதம் எனக்குப் பிடித்தது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, குழந்தை தரையில் ஒரு கயிற்றை விரிக்கிறது. பிறந்த நாளிலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லிடமும் நின்று, என்ன கேட்டது, என்ன நாற்றம் வந்தது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று மெதுவாகச் சொல்லவைக்கிறார்கள். ஹிப்போகாம்பஸ் குத்தத் தவறிய முத்திரையைத் தாமதமாகக் குத்தும் வேலை. கயிறு முழுவதையும் விரிப்பதில்லை. இன்றைய தேதியோடு நிறுத்தி, மிச்சத்தைச் சுருளாகவே விட்டுவிடுகிறார்கள்.