ஸ்பெக்ட்ரோகிராஃப்: நிறமாலைப் பதிவி

கருந்துளை பற்றிப் பேச்சு என்றால் வேலூரில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் படம் பார்க்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்களுக்குத் திரையில் தெரிவது பெரும்பாலும் மேடும் பள்ளமுமாக ஓடும் ஒரு கோடுதான். "ஸ்பெக்ட்ரோகிராஃப்ல எடுத்தது" என்பார் பேச்சாளர்.

'ஸ்பெக்ட்ரம்' லத்தீன் சொல். பார்த்தல் என்ற வேரில் பிறந்தது. தோற்றம் என்று பொருள், பேயுரு என்றும் வழங்கியதுண்டு. முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்துக் கிடைத்த வண்ணப் பட்டைக்கு நியூட்டன் 1672இல் இந்தச் சொல்லை ஆண்டார். 'கிராஃப்' கிரேக்கம்: எழுதுவது, வரைவது.

தமிழில் நிறமாலை. மூலத்தைவிட இது அழகு என்பேன். 2ஜி விவகாரத்தில் பத்திரிகைகள் எழுதிய 'அலைக்கற்றை'யும் ஸ்பெக்ட்ரம்தான். அது ஏலத்துக்குப் பொருந்தும், விண்மீனுக்குப் பொருந்தாது.

கருவியின் பெயரில்தான் குழப்பம். பிளஸ் டூ ஆய்வகத்தில் சோடியம் விளக்கின் முன் வைத்து, வெர்னியரில் கோணம் பார்ப்போமே, அது நிறமாலைமானி. கண்ணால் பார்க்க மட்டும் உதவுவது நிறமாலைகாட்டி. நிறமாலையைப் பதித்து வைப்பதுதான் ஸ்பெக்ட்ரோகிராஃப். 'வரைவி' என்று சிலர் எழுதுகிறார்கள். இன்றைய கருவி எதையும் வரைவதில்லை, கேமராவில் உள்ளது போன்ற ஒளியுணர் சில்லான சிசிடியில் பதிகிறது. ஆகவே நிறமாலைப் பதிவி.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பழைய வடார்க்காட்டின் ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டக் காவலூரில், 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி. அது திரட்டும் ஒளியைக் கண்ணாடி இழை வழியாகத் தனி அறைக்குக் கொண்டுபோய்ப் பதிவியில் விழச் செய்கிறார்கள்.

சின்னதாக வீட்டிலேயே பார்க்கலாம். பழைய சிடியின் பளபளப்புப் பக்கத்தைக் குண்டு பல்புக்குக் காட்டினால் நிறங்கள் இடைவெளியின்றி ஓடும். எல்இடி அல்லாத பழைய டியூப் லைட்டுக்குக் காட்டினால் பச்சையும் ஊதாவும் தனித்தனியே பிரிந்து நிற்கும். எந்த ஒளி எதிலிருந்து வருகிறது என்று அந்தப் பிரிவே சொல்லிவிடும்.

கருந்துளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வானில் எக்ஸ் கதிர் வீசும் சிக்னஸ் எக்ஸ்-1 பக்கத்தில் ஒரு நீல விண்மீன் உண்டு. 1971-72இல் இங்கிலாந்திலும் கனடாவிலும் அதன் நிறமாலையைத் தொடர்ந்து பதித்தார்கள். நிறமாலையின் குறுக்கே விழும் மெல்லிய கோடுகள் ஒருமுறை நீலப் பக்கமும் ஒருமுறை சிவப்புப் பக்கமும் நகர்ந்தன, 5.6 நாளுக்கொரு சுற்று. ஒளி தரும் பொருள் நெருங்கினால் கோடு நீலப் பக்கம் போகும், விலகினால் சிவப்புப் பக்கம். அப்படியென்றால் விண்மீன் நம்மை நெருங்கியும் விலகியும் எதையோ சுற்றுகிறது, அந்த 'எதையோ' கண்ணுக்குத் தெரியவில்லை. வேகத்தையும் காலத்தையும் வைத்துக் கணக்கிட்டால், அதன் எடை சாதாரண இறந்த விண்மீனுக்கு மிஞ்சியது. ஆக, முதலில் நம்பத்தக்க சான்று தந்தது கருந்துளையின் படமல்ல, அந்தக் கோடுகள்தான். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வர 2019 ஆயிற்று.

இலங்கைப் பாடநூல்களில் நிறமாலைமானியைத் 'திருசியமானி' என்பார்கள். அங்கிருந்து வரும் கட்டுரைகளில் அந்தச் சொல்லைக் கண்டால் வேறு கருவி என்று எண்ண வேண்டாம்.