"வரம்புக்குள் உள்ளது" என்று காற்று அறிக்கை வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்

ஆலைப் புகையால் பிள்ளைக்கு மூச்சு இரைக்கிறது என்று மனு கொடுத்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "காற்று மாதிரி எடுக்கப்பட்டது. அளவுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன." அந்த ஒரு வரியோடு ஊரே ஓய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எதை, எங்கே, எந்த நேரத்தில் அளந்தார்கள் என்று தெரியாதவரை அந்த வரியை நம்ப வேண்டியதில்லை.

மாதிரி எடுக்கும் அதிகாரத்தை வாரியத்துக்குக் கொடுப்பது 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம். வரம்புகள் 18.11.2009 அறிவிக்கையில் உள்ளன. "இது தொழிற்பேட்டை, இங்கே வரம்பு அதிகம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது பழைய கணக்கு. 2009-லிருந்து தொழிற்பகுதிக்கும் குடியிருப்புக்கும் ஒரே வரம்புதான்: 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டருக்கு மிகாத தூசு) 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத தூசு) 60, கந்தக டை ஆக்சைடு 80.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அந்த அறிவிக்கையின் பட்டியலில் இருப்பது 12 பொருள்கள் மட்டும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை, அமில ஆவியும் இல்லை. நீங்கள் நாற்றத்தைப் பற்றி மனு கொடுப்பீர்கள்; அவர்கள் தூசையும் கந்தக டை ஆக்சைடையும் அளந்து "வரம்புக்குள்" என்று எழுதுவார்கள். அதனால் "காற்று மாசு" என்று பொதுவாக எழுதாதீர்கள். என்ன நாற்றம், கண் எரிகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, அந்த ஆலையில் என்ன தயாராகிறது என்று எழுதி, இன்ன வாயுவை அளக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி மக்கள் 2004-ல் வாளிக்குள் பை வைத்து, நாற்றம் வீசும் நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியது இதனால்தான்.

அடுத்தது நேரம். புகை இரவில் வரும், மாதிரியைப் பகலில் எடுப்பார்கள். இரண்டு மணி நேர மாதிரியை 24 மணி நேர வரம்போடு ஒப்பிட்டால் அதை ஆட்சேபியுங்கள். ஆலைப் புகையைக் காற்று அடித்துச் செல்லும் பக்கம் வைக்காமல் கருவியை எதிர்ப்புறம் வைத்தாலும், அன்றைக்கு ஆலை பாதி வேகத்தில் ஓடினாலும் எண் குறைந்துதான் வரும்.

"முன்கூட்டியே ஆலைக்குச் சொல்லியாக வேண்டும்" என்பதும் சரியல்ல. புகைபோக்கியில் மாதிரி எடுக்கக் காற்றுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு கேட்பது அந்த இடத்திலேயே கொடுக்கும் நோட்டீஸ்தான். அதைக் கொடுக்காமலோ, முத்திரையும் கையெழுத்தும் இல்லாமலோ எடுத்தால் கோர்ட்டில் அந்த முடிவு சாட்சியமாக நிற்காது. இதைச் சரியாகச் செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூசை அளப்பது எடை போட்டுத்தான். ஃபில்டர் தாளைக் காற்று இழுக்கும் முன்பும் பின்பும் எடை பார்த்து, கூடிய எடையை இழுத்த காற்றின் அளவால் வகுப்பார்கள். கந்தக டை ஆக்சைடை ஒரு கரைசலில் பிடித்து, நிறம் மாறுவதை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கரைசல் குளிர்ச்சியாக, வெயில் படாமல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். சூடான ஜீப்பில் கிடந்தால் அளவு இறங்கிவிடும்.

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இவற்றைக் கேளுங்கள்: ஃபில்டரின் இரண்டு எடைகள், இழுத்த காற்றின் கன அளவு, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கருவி வைத்த இடம், அன்றைய காற்றுத் திசை, கரைசல் ஆய்வகம் சேர்ந்த தேதி. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் உடனே மேல்முறையீடு.

கடையில் வாங்கும் சிறிய காற்றுமானியை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். ஈரப்பதம் கூடினால் அது தூசை மிகையாகக் காட்டும். எந்த நேரத்தில் புகை ஏறுகிறது என்று குறித்துவைக்க அது உதவும். தனியார் ஆய்வகத்திடம் போனால், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான 'என்ஏபிஎல்' முத்திரையை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி. உங்களுக்கு வேண்டிய வாயு அந்த ஆய்வகத்தின் அங்கீகார அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனு, பதில், நினைவூட்டல் என்று அலைக்கழிக்கும்போது நாள் ஓடிவிடும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதற்கான சட்டத்தின் 14-ஆவது பிரிவில் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்றால் கெடு தானாக நீளாது. மனு கொடுத்த அன்றே ரசீது வாங்கிக்கொண்டு, அந்தக் கடைசித் தேதியையும் குறித்துவையுங்கள்.