ஏப்ரலில் செக் கொண்டு வந்த அண்ணன்

மேரிலாந்தில் வருமான வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். ஏப்ரல் 15 நெருங்கும்போது வருகிறவர்களில் ஃபெடரல் வேலையில் இருக்கும் நம்மவர்களும் உண்டு. எச்1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்து, குடியுரிமை வாங்கி, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அரசு வேலையில் நுழைந்தவர்கள்.

இந்த ஏப்ரலில் ஓர் அண்ணன் வந்தார். 1963இல் பிறந்தவர். சம்பளம் ஆண்டுக்கு 130,000 டாலர். ஊரில் பூர்வீக நிலம் விற்ற பணம் கையில் இருந்தது. "தம்பி, டி.எஸ்.பி.யில போன வருஷத்து கேட்ச்-அப்பை இப்பக் கட்டிடலாமா? செக் கொண்டு வந்திருக்கேன்" என்றார்.

முடியாது. டி.எஸ்.பி. என்பது ஃபெடரல் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்; வயது கூடியவர்கள் அதில் வழக்கமான வரம்புக்கு மேல் போடும் தொகைதான் கேட்ச்-அப். ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் ஏப்ரல் 15 வரை போன ஆண்டுக் கணக்கில் பணம் போடலாம். அதைக் கேட்டுப் பழகியவர்கள் டி.எஸ்.பி.யும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். டி.எஸ்.பி.யில் புதுச் சேமிப்பு சம்பளப் பிடித்தமாகத்தான் போகும். டிசம்பரின் கடைசிச் சம்பளம் வந்ததும் அந்த ஆண்டின் கதவு சாத்தப்படும். 2025இல் அவருக்குக் கிடைத்த 11,250 டாலர் கூடுதல் வாய்ப்பு போனது போனதுதான்.

கேட்ச்-அப் என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. விட்டதைப் பிடிப்பது என்று பொருள், ஆனால் எவ்வளவு விட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை; வயதை மட்டுமே பார்க்கிறார்கள். 2026இல் எல்லோருக்குமான வரம்பு 24,500. இந்த ஆண்டு முடிவதற்குள் 50 வயது நிறைகிறவருக்கு மேலும் 8,000. 60 முதல் 63 வரை என்றால் அந்த 8,000க்குப் பதில் 11,250. பிறந்த நாள் டிசம்பர் 31 ஆனாலும் ஜனவரியிலிருந்தே தகுதி உண்டு. (பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் நம்மில் பலருக்குச் சான்றிதழ் வயது. அந்தப் புண்ணியத்தில் ஓராண்டு முன்னதாகவே தகுதி பெற்றவர்களும் என்னிடம் வருகிறார்கள்.)

செக்கை வாங்க மாட்டார்கள் என்றதும் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. நிலத்துப் பணத்தை நேராகப் போட முடியாவிட்டால் என்ன? பிடித்தத்தை ஏற்றிவிட்டு, கையில் குறையும் தொகைக்கு வங்கியில் இருப்பதை எடுத்து வீட்டுச் செலவைப் பார்க்கலாம். அவர் 5 சதவீதம் போட்டு வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்துக்கு 250 டாலர். எட்டுச் சம்பளத்தில் 2,000 போயிருந்தது. 24,500உம் 11,250உம் சேர்ந்த 35,750இல் மீதி 33,750. அதைப் பாக்கி 18 சம்பளத்துக்கு வகுத்தால் 1,875. கேட்ச்-அப்புக்குத் தனிப் படிவம் நிரப்பும் வழக்கம் 2021லேயே போய்விட்டது. ஒரே எண்ணை மாற்றினால் போதும், வரம்பைத் தாண்டுவது தானாகக் கேட்ச்-அப் கணக்கில் சேரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஜனவரியிலேயே வேகமாகப் போட்டு செப்டம்பரில் வரம்பை முட்டிவிடுகிறவர்கள். ஃபெர்ஸ் என்ற ஃபெடரல் ஓய்வூதிய முறையில் உள்ள ஊழியர் போடுவதில், சம்பளத்தின் முதல் 3 சதவீதத்துக்கு டாலருக்கு டாலர், அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதி என்று அரசு தன் பங்காக மேட்ச் தருகிறது. அது ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனிக் கணக்கு. உங்கள் பிடித்தம் நின்றால் மேட்சும் நிற்கும். தானாக வரும் 1 சதவீதம் மட்டும் தொடரும். அண்ணன் சம்பளத்துக்கு மேட்ச் 200 டாலர். ஆறு சம்பளம் தவறினால் 1,200 டாலர், அதுவும் அதிகம் சேமித்ததற்குத் தண்டனையாக! 26 சம்பளத்துக்கும் பரவலாகப் போடுங்கள்: 50 தாண்டியவருக்கு 1,250, அறுபது முதல் அறுபத்துமூன்று வரை 1,375.

இந்த ஆண்டு புதிதாக வந்திருப்பது ராத் கட்டாயம். 2025இல் சம்பளம் 150,000 டாலரைத் தாண்டியவர்கள் கேட்ச்-அப் பகுதியை வரி கட்டிய பணத்தில்தான் போட வேண்டும். எந்தச் சம்பளம்? வேலை தருபவர் கொடுக்கும் ஆண்டுச் சம்பளத் தாளான டபிள்யூ-2இன் 3ஆம் பெட்டியில் இருப்பது. 165,000 சம்பளக்காரர் ஒருவர் 1ஆம் பெட்டியில் 141,500 என்று பார்த்து, தனக்கு இது பொருந்தாது என்றே இருந்தார். டி.எஸ்.பி.யில் போட்ட 23,500 அங்கே கழிந்திருக்கிறது, 3ஆம் பெட்டியில் கழியாது. ஆண்டுக் கடைசியில் வரிப் பிடித்தம் கூடி, கையில் வருவது குறையும்போது பதறாதீர்கள்.

மாநில, கவுன்ட்டி ஊழியர்களுக்கு 457(பி) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் உண்டு. பெயருக்கு ஏற்ற கேட்ச்-அப் அங்கேதான் இருக்கிறது. திட்டம் குறிக்கும் ஓய்வு வயதுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், முன்பு போடாமல் விட்ட அளவுக்கு உட்பட்டு, வழக்கமான வரம்பின் இரு மடங்கு வரை போடலாம். உங்கள் திட்டம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதுக் கேட்ச்-அப்பையும் இதையும் ஒரே ஆண்டில் சேர்த்து எடுக்க முடியாது.

அண்ணனுக்கு அடுத்த ஆண்டு 64 நிறைகிறது. 11,250 அவருக்கு இல்லை, சாதாரண கேட்ச்-அப் மட்டும்தான். 1,875ஐ அப்படியே விட்டுவைத்தால் ஆகஸ்ட் வாக்கிலேயே வரம்பு முட்டி, பாக்கி மேட்சும் போய்விடும். அவர் மறந்துவிடுவார். டிசம்பர் முதல் வாரத்தில் நானே கூப்பிட வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.