சாய்ஸை லாக் செய்யும் முன் ஒரு தாளை எடுங்கள்

மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வின் ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள் என் ஓ.பி. அறை வாசலில் எம்.பி.பி.எஸ். கடைசிப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் யாராவது வந்து நிற்பார். "சார், மெடிசின் எடுக்கவா, ரேடியாலஜி எடுக்கவா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு பத்து நிமிடத்தில் தடம் மாறும். "அவங்க சென்னையில பார்க்கிறாங்க சார். என் ரேங்குக்குச் சென்னை வராது." வந்த விஷயமே அதுதான்: காதலரோ கணவன் மனைவியோ, டாக்டர் ஜோடி இருவருக்கும் ஒரே ஊரில் சீட் வேண்டும்.

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவ மேற்படிப்புப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் இருவர், தங்கள் விருப்பப் பட்டியலை ஜோடி ஜோடியாகக் கொடுக்கும் 'கப்பிள்ஸ் மேட்ச்' 1984 முதல் இருக்கிறது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரேங்க் வரிசைப்படி சீட் ஒதுக்கும் நம் கவுன்சிலிங்கில் அதெல்லாம் கிடையாது. நீங்கள் இரண்டு தனி ரேங்க், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநில ஒதுக்கீடு. இரண்டுக்கும் தனித்தனி கவுன்சிலிங். ஒருவருக்குச் சீட் கிடைத்து, மற்றவர் அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கும் அந்த நாட்களில்தான் சண்டை வரும். அகில இந்தியக் கவுன்சிலிங்கின் முதல் ரவுண்டில் கிடைத்த சீட்டில் சேராமல் விட்டால் பண நஷ்டம் இல்லை. அடுத்தடுத்த ரவுண்டுகளில் டெபாசிட் போகும், வாய்ப்பும் போகலாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்தந்த வருடக் கையேட்டை இருவருமே படியுங்கள்.

கவுன்சிலிங்கில் உங்கள் சாய்ஸை, அதாவது கல்லூரி, பிரிவு விருப்ப வரிசையை, லாக் செய்யும் முன் அந்த ஜோடிப் பட்டியலை நீங்களே தாளில் எழுதிவிடுங்கள். "நான் மதுரையில் ஓ.ஜி. (மகப்பேறு), நீ மதுரையில் பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்)" என்று மேலிருந்து கீழே வரட்டும். ஓர் இடத்தில் கோடு போடுங்கள்: இதற்குக் கீழே வந்தால் ஆளுக்கொரு ஊர், பரவாயில்லை. கோடு எங்கே என்று முதலில் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். நான் பார்த்தவரை, கோட்டைக் கீழே இறக்கி, பிடித்த பிரிவை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் பெண்தான். வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்பதும் இல்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஊர் மூன்று வருடத்துக்கு, பிரிவு ரிட்டையர் ஆகும் வரைக்கும்.

இன்னொன்று, ஒரே ஊர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். என் மாணவர்கள் இருவர் ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகளில் சேர்ந்தார்கள். அவள் ஓ.ஜி., அவன் ஆர்த்தோ (எலும்பு மருத்துவம்). முதல் வருடம் அவள் நைட் டூட்டி முடிந்து தூங்கும் நாளில் அவனுக்கு அட்மிஷன் டே, அதாவது அவன் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள். ஹாஸ்டல் சுவரில் இரண்டு யூனிட் ரோஸ்டரையும் (டூட்டி அட்டவணையையும்) பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இருவருக்கும் பொதுவாக அமையும் சாயங்காலங்களைப் பச்சை மையில் வட்டமிட்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு இரண்டு வட்டம். "போன்ல ஹலோம்பான் சார், அப்புறம் குறட்டைதான் கேட்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ரெசிடென்ட்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே உத்தரவு போட்டது. வார்டில் அது எப்படி நடக்கிறது என்பது ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் உங்களுக்கே தெரியும். அதனால் கிலோமீட்டரைவிட ரோஸ்டரை விசாரியுங்கள். அதோடு மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாத ரெசிடென்சி கட்டாயம் உண்டு. எந்த மாவட்டம் என்பது உங்கள் கையில் இல்லை. படிப்பு முடிந்ததும் பாண்ட் (கட்டாய அரசுப் பணி) எத்தனை வருடம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இருவரும் வெவ்வேறு மாநிலத்தில் சேர்ந்தால் பிரிந்திருப்பது மூன்று வருடத்தோடு முடியாமல் போகலாம்.

விசாரிப்பதென்றால் பேராசிரியரிடமோ சீனியரிடமோ வேண்டாம். அந்த யூனிட்டின் ஃபர்ஸ்ட் இயர் பி.ஜி.யைப் பிடியுங்கள். "வேலை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். "கடைசியா எப்போ வீட்டுக்குப் போனீங்க?" என்று கேளுங்கள். யோசிக்காமல் தேதி சொன்னால் நல்ல யூனிட். போன தீபாவளிக்கா, அதற்கு முந்தினதா என்று யோசிக்க ஆரம்பித்தால், அந்தச் சாய்ஸைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.