தும்மலுக்குத் தேனா, கொடுக்கா?

சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: விடியப்புறம் எழும்பினால் ஒரே தும்மல், மூக்கால் ஓடுகிறது. தினமும் ஒரு கரண்டி வன்னித் தேன் குடித்தால் உடம்பு மகரந்தத்துக்குப் பழகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

யோசனை மோசமில்லை. ஒவ்வாத பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது உண்மையான வைத்தியம்தான். 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு இதைத் தொடங்கிவைத்தார். ஆனால் தேனீ தேடிப்போகும் பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் ஏறி மூக்குக்குள் வருவது பெரும்பாலும் புல் போன்றவற்றின் மகரந்தம். தேனில் அது இருந்தாலும் மிகச் சொற்பம். போதாக்குறைக்கு, எங்களுடையதைப் போன்ற வெக்கையான இடங்களில் விடியற்காலைத் தும்மலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது தலையணையில் வாழும் தூசுச் சிற்றுண்ணியை. தேன் அதற்கு என்ன செய்யும்? தலையணை உறையைக் கிழமைக்கு ஒருதரம் சுடுநீரில் தோய்ப்பது மேல்.

2002இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 36 பேரைப் பிரித்து, உள்ளூர்த் தேன், கடைத் தேன், தேன் வாசமூட்டிய பாகு என்று கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். தேனுக்குக் காப்புரிமை எடுக்க முடியாது, ஆகவே பெரிய ஆய்வுக்குக் காசு போட ஆளில்லை. யாழ்ப்பாணத்துக் கைதடியில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், பக்கத்தில் வன்னிக் காடு. அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால் இங்கேயே செய்யலாம் என்பது என் எண்ணம்.

சரி, தேனை விட்டுக் கொடுக்குக்கு வருவோம். தேனீ கொட்டுவதற்கு உடம்பு எப்படிப் பழகுகிறது என்பதில்தான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது.

ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் கலங்களுக்கு மாஸ்ட் கலங்கள் என்று பெயர். ஒவ்வாமை உள்ளவரில் அவற்றின் மேல் ஐஜிஈ என்ற பிறபொருளெதிரிகள் (உடம்பு அந்நியப் பொருளைப் பிடிக்கச் செய்யும் புரதங்கள்) நிற்கும். தேனீ நஞ்சின் புரதம் வந்து அருகருகே நிற்கும் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால்தான் கலம், ஒவ்வாமைத் தொல்லைகளை உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் ஒன்றும் நடக்காது. அடிக்கடி கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்பாளர்களின் இரத்தத்திலோ ஐஜிஜி4 என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரி மிகுந்திருக்கும். அது நஞ்சை முந்திப் பிடித்து ஐஜிஈயிடம் போகாமல் மறிக்கிறது.

மறிப்பதே இன்னொரு வம்பில் முடியலாமே? இந்தப் பிறபொருளெதிரிக்கு இரண்டு கை. இரண்டாலும் நஞ்சைப் பிடித்தால் நஞ்சும் பிறபொருளெதிரியும் கோத்துக் கோத்துப் பெரிய கட்டியாகி அழற்சியைக் கிளப்பிவிடும். ஐஜிஜி4 இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நடுவால் பிரிந்து, தன் பாதியை வேறொரு ஐஜிஜி4இன் பாதியோடு மாற்றிக்கொள்கிறது. நல்லூர்த் திருவிழாவில் செருப்புச் சோடி மாறுகிற மாதிரி. ஒரு கை தேனீ நஞ்சைப் பிடிக்கும், மறுகை சம்பந்தமே இல்லாத எதையோ தேடும். ஆகவே கட்டி சேராது. இந்தக் கைமாற்று 2007இல்தான் தெளிவானது. எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கொட்டு ஒவ்வாதவருக்குத் தேனீ நஞ்சையே ஊசியாகப் போடும் வைத்தியமும் ஐஜிஜி4ஐக் கூட்டுகிறது. மிகச் சிறிய அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம்வரை, ஏறக்குறைய இரண்டு கொட்டின் நஞ்சளவு, ஏற்றி 3 முதல் 5 வருடம் தொடர்வார்கள். பெரும்பாலானோருக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. முன்பு பல பத்தாண்டுகளாக மேற்கு நாட்டு வைத்தியர்கள் தேனீயை முழுதாக அரைத்த சாற்றையே ஏற்றினார்கள்; அது மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலானதல்ல என்று 1978இல்தான் சோதனை காட்டியது. சோதிக்காமல் நம்புவது எங்கள் சனத்துக்கு மட்டும் உரிய குணமல்ல.

இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. கொட்டியபின் மூச்சுத் திணறியவருக்கு அடுத்த கொட்டு உயிரை எடுக்கலாம். ஊசி போடும் இடத்தில், அப்படித் திணறினால் கொடுக்கும் மருந்தான அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். உடம்பைத் தேற்றும் என்று விற்கும் மகரந்தக் குளிசையும் தேனீ சுரக்கும் ராயல் ஜெல்லியும்கூடச் சிலருக்கு, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, இதே ஆபத்தைக் கொண்டுவந்திருக்கின்றன.